‘நல்லா இருக்கேன்’ சொல்லிக்கொடுத்த டீச்சர்

டீச்சர் பயந்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் அவள் செய்த காரியத்தின் அருமை உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

அது சாதாரணப் பயம் இல்லை. கதவைப் பூட்டிவிட்டு நாலு படி இறங்கி, பூட்டினோமா இல்லையா என்று மறுபடி ஏறி வந்து இழுத்துப் பார்க்கிற பயம். பால் பொங்குவதற்கு முன்னாலேயே அடுப்பை அணைத்துவிடுகிற பயம். ஊரில் இருந்தவரை இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நடுநிலைப்பள்ளியில் வருஷக்கணக்காக ஆங்கிலம் நடத்தியவள். வகுப்புக்குள் புலி, வெளியே வந்தால் பூனை, அவ்வளவுதான். கணவர் லிஃப்ட் மெக்கானிக். வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு வரச் சொல்கிறார்கள் என்று அவர் மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னபோது பக்கத்து வீட்டுக்காரி, "உங்களுக்கென்ன டீச்சர், இங்கிலீஷ் படிச்சவங்க, அங்க போய் வெளுத்துக் கட்டிருவீங்க" என்றாள். டீச்சரும் அதை நம்பித்தான் விமானம் ஏறினாள்.

வந்த வாரமே குட்டு உடைந்தது. மளிகைக் கடையில் பில் போடுகிற பெண் தலையை நிமிர்த்தாமல் ஒரே மூச்சில் என்னவோ கேட்டாள். டீச்சருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இத்தனை வருஷம் தான் நடத்தியது இந்தப் பாஷையைத்தானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. பின்னால் வரிசை நீண்டது. அந்தப் பெண் மறுபடி கேட்டாள், இந்தத் தடவை சத்தமாக. டீச்சர் வாங்கின சாமானை எல்லாம் மேஜையிலேயே போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து வெங்காயம் இல்லாமல் சமைத்தாள். "என்ன இன்னிக்கு ஒரு மாதிரி இருக்கு?" என்று லிஃப்ட்காரர் கேட்டதற்கு, "உடம்புக்கு நல்லதாம்" என்றாள்.

அப்புறம்தான் அவளுக்கு ஒரு மருந்து கிடைத்தது. எதிர் வீட்டுக் கிழவர் ஒருநாள் படிக்கட்டில் பார்த்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். டீச்சர் சிரித்து, "ஃபைன், தேங்க்யூ. அண்ட் யூ?" என்றாள். கிழவர் சந்தோஷமாகத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது கேள்வியே இல்லை! டீச்சருக்கு உயிர் போய் உயிர் வந்த மாதிரி இருந்தது. அதன் பிறகு யார் வாயைத் திறந்தாலும் முதலில் ஒரு சிரிப்பு, உடனே ஃபைன், தேங்க்யூ. பால் போடுகிறவன், குப்பை எடுக்கிறவன், கட்டிடக் காவலாளி, எல்லோரும் அந்தச் சிரிப்புக்கு அந்தப் பக்கமே நின்றார்கள். ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிற மகன் போனில் "எப்படிம்மா இருக்க?" என்று கேட்டால், "எனக்கென்னடா, ராணி மாதிரி இருக்கேன்" என்பாள். லிஃப்ட்காரர் சாப்பிடும்போது "உனக்கு இங்க ஒத்துப்போச்சா?" என்று கேட்டால், "நல்லாத்தானே இருக்கேன்" என்பாள். அவரும் நம்பினார். ஆண்பிள்ளைகளுக்கு இப்படி ஒரு சௌகரியம்.

ஒன்றே ஒன்றை மட்டும் அவளால் மறைக்க முடியவில்லை. அவர்கள் குடியிருந்தது நாலாவது மாடி. லிஃப்ட் உண்டு. டீச்சர் ஏற மாட்டாள். பெட்டிக்குள் கதவு மூடினால் அவளுக்கு நெஞ்சை அடைக்கும். காய்கறிப் பையோடு படியேறி வருகிறவளைப் பார்த்து லிஃப்ட்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "ஊருல இருக்குற லிஃப்டை எல்லாம் நான் பார்த்து விடுறேன், என் பொண்டாட்டி மூச்சு வாங்கப் படியேறுறா. கம்பெனிக்குத் தெரிஞ்சா என்னை வேலையை விட்டே தூக்கிருவான்."

"முட்டிக்கு நல்லதுங்க" என்பாள் டீச்சர்.

அவள் விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. சும்மா இருக்கலாம், அதற்குத் தடை இல்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து லிஃப்ட்காரருக்கே பொறுக்கவில்லை. நூலகக் கட்டிடத்தில் லிஃப்ட் பழுது பார்க்கப் போனபோது, அங்கே ஒரு அறையில், நம் ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு இலவசமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வந்து, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டார். அன்று வீட்டில் நடந்ததை நான் சொல்லப்போவதில்லை. ஆனாலும் டீச்சர் போனாள்.

நூலகத்தின் பின்பக்கம் அந்த அறை. மடக்கு நாற்காலிகள், பாதி காய்ந்துபோன மார்க்கர்கள், சரியாகச் சாத்தாத ஒரு ஜன்னல். வகுப்புக்குப் பொறுப்பான அம்மா சாவியைக் கையில் கொடுத்து, "நம்ம ஆளுங்கதான். கூச்சப்படாம நடத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வந்திருந்தவர்கள் ஒரு செக்யூரிட்டி, ஒரு சலூன்காரர், ஓட்டல் சமையற்கட்டில் காய் நறுக்குகிற ஓர் அக்கா, பிறகு ஓட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிற லாண்டரியில் வேலை செய்கிற ஓர் இளம்பெண். இன்னும் நாலைந்து பேர் வருவார்கள், போவார்கள். எல்லோரும் நம் பாஷை பேசுகிறவர்கள். டீச்சர் கையிலிருந்து மார்க்கர் நழுவியது. கீழே விழுந்து உருண்டது. அதை ஓடிவந்து எடுத்துக் கொடுத்தவள் அந்த லாண்டரிப் பெண்தான். எடுத்துக் கொடுத்துவிட்டு அப்படியே முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள் ‘முதல் பெஞ்ச்’.

"சொல்லுங்க, உங்களுக்கெல்லாம் என்ன கஷ்டம்?" என்று கேட்டாள் டீச்சர்.

"யாராவது கிட்ட வந்து பேசினாலே வயித்தைக் கலக்குது டீச்சர்" என்றார் செக்யூரிட்டி. ஆள் ஆறடி, மீசை வேறு. "திருடன் வந்தாக்கூடப் பிடிச்சிருவேன். மேனேஜர் வந்து பேசினா ஓடிப்போய் பாத்ரூம்ல நிக்குறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தாள். ஆனால் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அட, நம்ம ஜாதி! இத்தனை நாள் தான் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தாளே. வந்த பயம் எல்லாம் விலகி, உள்ளே இருந்த பழைய புலி எழுந்து நின்றது. பாடத்தைத் திறக்கவே இல்லை. தன்னிடம் இருந்த மருந்தை எடுத்து அப்படியே கொடுத்துவிட்டாள்.

"முதல்ல சிரிக்கணும். அவங்க கேட்டு முடிக்கிறதுக்குள்ள சிரிச்சிரணும். அப்புறம் ஃபைன், தேங்க்யூ. கடைசியா, அண்ட் யூ? இதை மட்டும் மறக்கக் கூடாது. நம்மளைக் கேட்டவங்களை நாம திருப்பிக் கேக்கணும், அதுதான் மரியாதை. அவ்வளவுதான், போயிருவாங்க."

கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொருவரையும் கதவுக்கு வெளியே அனுப்பி, உள்ளே வரச் சொல்லி, கேள்வி கேட்டாள். தடுமாறினால் மறுபடி வெளியே. சலூன்காரருக்குச் சிரிப்பு வரவில்லை, பல்லைக் காட்டினார். அது போதும் என்றாள். முதல் பெஞ்சுக்குத்தான் இது தண்ணீர் பட்ட பாடு. டீச்சர் ‘ஹவ்’ என்று வாயைக் குவிக்கும்போதே அவள் பதில் வந்து விழும். "முந்திரிக்கொட்டை, முழுசாக் கேக்க விடும்மா" என்று டீச்சர் செல்லமாகத் திட்டுவாள். திட்டிவிட்டு "வெரி குட்" என்பாள். அந்த வெரி குட்டுக்காகவே அந்தப் பெண் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு லாண்டரியிலிருந்து ஓடி வருவாள் என்று சமையற்கட்டு அக்கா சொல்வாள்.

மருந்து வேலை செய்தது. செக்யூரிட்டி வந்து, மேனேஜர் தோளில் தட்டினார் என்றார். சலூன்காரருக்கு வாடிக்கை கூடியது. டீச்சர் வீட்டில் பாட்டு முணுமுணுத்தாள். லிஃப்ட்காரர், "நான் சொன்னேனா இல்லையா?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடியும் என்பது பிடிக்கிற நேரத்தில் யாருக்குத் தெரிகிறது?

முதல் பெஞ்ச் மாசமாக இருந்தாள். அவள் சொல்லாமலே வகுப்புக்குத் தெரிந்துவிட்டது. சமையற்கட்டு அக்கா புளிப்பு மிட்டாய் கொண்டுவந்து கொடுப்பாள். "குழந்தை பொறந்ததும் அழாது பாருங்க, ஃபைன் தேங்க்யூன்னுதான் சொல்லும்" என்று செக்யூரிட்டி சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புருஷன் கட்டிட வேலைக்காரன், வேலை நடக்கிற இடம் வெகு தூரம், வாரக் கடைசியில்தான் வருவான். தலைப்பிள்ளை. கூடப் பிறந்தவள் இல்லை, பெற்றவள் பக்கத்தில் இல்லை. "பயமா இல்லையாம்மா?" என்று டீச்சர் ஒருநாள் கேட்டாள். "நீங்கள்லாம் இருக்கீங்களே டீச்சர்" என்றாள் அவள்.

ஏழாம் மாசம் முடிகிற நேரம். அன்று வகுப்புக்கு வந்தபோது அவள் முகம் உப்பியிருந்தது. செருப்பின் வார் காலில் பதிந்து பள்ளம் விழுந்திருந்தது. நாள் முழுக்க நின்றுகொண்டே இஸ்திரி போடுகிற வேலை, கால் வீங்காமல் என்ன செய்யும் என்று டீச்சர் நினைத்தாள். நடுவில் அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "டீச்சர், எழுத்து மங்கலாத் தெரியுது" என்றாள். டீச்சர் மார்க்கரை உதறிப் பார்த்தாள். காய்ந்த மார்க்கர்தானே என்று புதியது ஒன்றை எடுத்துப் பெரிது பெரிதாக எழுதினாள். இப்போது தெரிகிறதா என்று கேட்கவில்லை. வகுப்பு முடிந்து போகும்போது வழக்கமான கேள்வியை எல்லோரிடமும் கேட்டாள். முதல் பெஞ்ச் ஒரு கையை நெற்றியில் வைத்துக்கொண்டே சிரித்தாள்.

"ஃபைன், தேங்க்யூ. அண்ட் யூ, டீச்சர்?"

"வெரி குட்" என்றாள் டீச்சர்.

அடுத்த வகுப்புக்கு முன் வரிசை நாற்காலி காலியாக இருந்தது.

"முதல் பெஞ்ச் எங்க?" என்று டீச்சர் கேட்டதும் சமையற்கட்டு அக்காவுக்கு முகமெல்லாம் பல். இருவரும் ஒரே கட்டிடத்தில்தான் தங்கியிருந்தார்கள், மாடிதான் வேறு. "டீச்சர், உங்க பேரைக் காப்பாத்திட்டா! நேத்து தலைவலி தாங்கலைன்னு தனியாவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. கவுண்டர்ல இருந்த நர்ஸ், ‘உனக்கு அடுத்த வாரம்தானே வரச் சொல்லியிருக்கு, இப்ப எப்படி இருக்க?’ன்னு கேட்டிருக்காங்க. இவ டக்குனு ஃபைன் தேங்க்யூ, அண்ட் யூன்னிருக்கா. உன் இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்குன்னு நர்ஸே பாராட்டினாங்களாம். அடுத்த வாரம் வான்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். வந்து எங்கிட்ட எவ்வளவு பெருமையாச் சொன்னா தெரியுமா?"

சலூன்காரர் கை தட்டினார். செக்யூரிட்டி, "பார்றா!" என்றார்.

டீச்சர் கை தட்டவில்லை. "இன்னிக்கு எப்படி இருக்கா?"

"இன்னிக்கு வேலைக்குப் போகல டீச்சர். வெளிச்சம் கண்ணைக் குத்துதுன்னு போர்வையை மூடிப் படுத்திருக்கா. ரெண்டு தடவை வாந்தி எடுத்தா. மாசமா இருக்கறவளுக்கு அதெல்லாம்..." அக்கா டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

முகம் வீக்கம், தலைவலி, கண் மங்கல். டீச்சருக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் ஊரில் அவளோடு வேலை பார்த்த கணக்கு டீச்சர் ஒருத்திக்கு இதே மூன்றும் வந்தது. பிரஷர் என்று கண்டுபிடிப்பதற்குள் குழந்தை போய்விட்டது. தாய் பிழைத்ததே பெரும்பாடு. மங்கலாகத் தெரிகிறது என்று அந்தப் பெண் சொன்னாளே. என் காதில் விழுந்ததே. நான் மார்க்கரை அல்லவா மாற்றினேன் என்று டீச்சர் மனசுக்குள் அடித்துக்கொண்டாள்.

அறையைப் பூட்டச் சொல்லிச் சாவியை செக்யூரிட்டியிடம் கொடுத்தாள். அக்காவுக்கு ஓட்டலில் வேலை நேரம் ஆகிவிட்டது. எந்த பஸ், எந்த நிறுத்தம், எந்த மாடி என்று சொல்லி, "அவ புருஷனுக்கு நான் தகவல் சொல்லிடுறேன் டீச்சர்" என்றாள். டீச்சர் லிஃப்ட்காரருக்குப் போன் போட்டாள். மணியே அடிக்கவில்லை. மனுஷன் ஏதோ ஒரு கட்டிடத்தின் லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருக்கிறார். அவசரத்துக்கு என்றைக்குத்தான் இந்த ஆண்பிள்ளைகள் கிடைத்திருக்கிறார்கள்?

வீட்டிலிருந்து நூலகம், நூலகத்திலிருந்து வீடு. அதைத் தாண்டி அவள் தனியாக எங்கும் போனதில்லை. பஸ்ஸில் ஏறினாள். டிரைவர் திரும்பி என்னவோ கேட்டார், எங்கே போகணும் என்றுதான் இருக்கும். டீச்சரின் வாய் அவளைக் கேட்காமலே சிரித்து, "ஃபைன், தேங்க்யூ" என்றது. டிரைவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். டீச்சருக்குத் தன் வாயைக் கிள்ளிக்கொள்ளலாம் போல இருந்தது. சீட்டு நுனியில் உட்கார்ந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்து எழுந்து பார்த்தாள். கடவுளே, இந்தப் பொண்ணுக்கும் அந்தச் சிசுவுக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது. என்னை என்ன வேணாலும் பண்ணு. இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்ததில் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி, திரும்பி ஓடிவந்தாள்.

அது வேலையாட்கள் தங்கும் பெரிய கட்டிடம். ஏழு மாடியையும் படியிலேயே ஏறினாள், பழக்க தோஷம். நீளமான நடையில் கதவுக்குக் கதவு செருப்புகள். கடைசிக்கு முந்தின அறை. உள்ளே இரண்டு அடுக்குக் கட்டில்கள், கயிற்றில் துணி, ஜன்னலில் துண்டு போட்டு மறைத்திருந்தது. கீழ்க்கட்டிலில் முதல் பெஞ்ச் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு கிடந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் துணியை விலக்கிப் பார்த்தாள்.

"ஐயோ டீச்சர், நீங்களா? உக்காருங்க, டீ போடுறேன்..." எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"படு, படு. எங்க வலிக்குது?"

"தலைதான் டீச்சர், பிளக்குது. இங்க, நெஞ்சுக்குக் கீழேயும். கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியாப் பறக்குது."

"குழந்தை அசையுதா?"

அவள் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். "காலையில கொஞ்சம் அசைஞ்சுது" என்றாள் மெதுவாக.

"அடிப்பாவி, நேத்து அந்த நர்ஸ் கேட்டாங்கல்ல? ஏன் சொல்லல?"

"சொன்னேனே டீச்சர்." அந்த வீங்கின முகத்தில் ஒரு குழப்பம். "நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே சொன்னேன். சிரிச்சேன். அண்ட் யூ கூட மறக்கல. வலிக்குதுன்னு சொல்லலாமான்னு நினைச்சேன். மரியாதையாக் கேக்குறவங்ககிட்ட அப்படிச் சொன்னா தப்பாயிடுமோன்னு விட்டுட்டேன்."

தப்பாகச் சொல்லியிருந்தால் திருத்தலாம். பெண் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளைக்கு அழாதே என்று மரியாதையாகப் பாடம் நடத்தியவள் யார்?

"எந்திரி, போலாம்."

தோளில் கையைப் போட்டுத் தாங்கிக்கொண்டு நடைக்கு வந்தாள். படிக்கட்டைப் பார்த்தாள். ஏழு மாடி. லிஃப்டைப் பார்த்தாள். முதல் பெஞ்ச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். டீச்சர் பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்தது. உள்ளே போனார்கள். கதவு மூடியதும் நெஞ்சு அடைத்தது, காது அடைத்தது, கை சில்லிட்டது. "டீச்சர், உங்களுக்கு வேர்க்குது" என்றாள் அந்தப் பெண். "ஒண்ணுமில்ல" என்றாள் டீச்சர். தரைத்தளம் வந்து கதவு திறந்தபோதுதான் இவ்வளவு நேரமும் மூச்சே விடவில்லை என்று தெரிந்தது.

டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கவுண்டரில் கூட்டம். முறை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவள் பெயரைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டே, பழக்கத்தில், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து, வலியோடு வலியாக, பல் தெரிய ஒரு சிரிப்பு: "ஃபைன், தேங்க்யூ. அண்ட் யூ?"

கவுண்டர்க்காரி சந்தோஷமாகத் தானும் நலம் என்று சொல்லி, எதிரே இருந்த நாற்காலிகளைக் காட்டினாள்.

கேளுங்கள் அநியாயத்தை! டீச்சர் போய் உட்கார்ந்தாள். ஆமாம், உட்கார்ந்தாள். இத்தனை தூரம் வந்தவள், காட்டின நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள். என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒரு வாக்கியத்தைக் கட்டினாள். பிழையிருக்கிறது என்று கலைத்தாள். மறுபடி கட்டினாள். கவுண்டரில் வேறு ஆள் பேசிக்கொண்டிருந்தார், அவர் முடிக்கட்டும் என்றிருந்தாள். அவர் முடித்தார். இன்னொருவர் வந்தார். டீச்சரின் கால்கள் தரையோடு தைத்துக் கிடந்தன.

"டீச்சர், அந்த லைட்டை அணைக்கச் சொல்றீங்களா?" என்றாள் முதல் பெஞ்ச். அவள் தலை டீச்சரின் தோளில் சரிந்தது. அந்த உடம்பு மெல்ல உதறிக்கொண்டிருப்பது டீச்சருக்குத் தெரிந்தது.

டீச்சர் எழுந்தாள். வரிசையில் நின்றவரைத் தள்ளிக்கொண்டு போய்க் கண்ணாடியை உள்ளங்கையால் அடித்தாள். வருஷக்கணக்காகப் பிள்ளைகளின் தாளில் சிவப்பு மையால் அடித்து அடித்துத் திருத்தினவள், அந்த ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"நோ ஃபைன்! ஷி நோ ஃபைன்! ஹெட் பெயின், ஐ பெயின், பேபி நோ மூவ்! நோ ஃபைன்!"

அடுத்த நிமிஷம் எங்கிருந்தோ சக்கர நாற்காலி வந்தது. ஒரு நர்ஸ் முதல் பெஞ்சின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, எண்ணைப் பார்த்து, முகம் மாறி, யாரையோ கூப்பிட்டாள். குனிந்து, என்ன செய்கிறது, சொல் என்று கேட்டாள். அந்தப் பெண் உத்தரவு கேட்பது போல டீச்சரைப் பார்த்தாள்.

"சொல்லுடி கண்ணு" என்றாள் டீச்சர். "எல்லாத்தையும் சொல்லு. நம்ம பாஷையிலேயே சொல்லு, நான் எடுத்துச் சொல்றேன். சிரிக்காம சொல்லு."

முதல் பெஞ்ச் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே சொன்னாள். எத்தனை நாளாகத் தலைவலி, எப்போதிலிருந்து வீக்கம், எப்போது கண் மங்கியது, நேற்று ராத்திரியிலிருந்தே குழந்தை சரியாக அசையவில்லை, எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் எப்படிச் சொன்னாள், என்ன ஆங்கிலத்தில் சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஆனால் அவர்களுக்குப் புரிந்தது. பிரஷர் உச்சத்தில் இருக்கிறது, குழந்தையை இப்போதே எடுக்க வேண்டும், பொறுத்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றார்கள். கதவு திறந்தது. நாற்காலி உள்ளே போனது. கதவு மூடியது.

டீச்சர் மறுபடி போட்ட போன் கிடைத்து லிஃப்ட்காரர் விழுந்தடித்து வந்து சேர்ந்தபோது கையெல்லாம் கிரீஸ். டீச்சர் நடையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள், உட்காரவில்லை. "இன்னொரு தடவை உக்கார மாட்டேங்க" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் வந்து அவரும் நின்றார். "அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா அது நான் பண்ணது" என்றாள். "நீதானே கொண்டாந்து சேர்த்த?" என்றார் அவர். "அவ முன்னாடியே வந்தவதாங்க, நான்தான் சிரிச்சுட்டுத் திரும்பிப் போன்னு சொல்லிக்கொடுத்துட்டேன்" என்றாள். அவர் கிரீஸ் கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. பெண் குழந்தை. ஒரு முழம்கூட இல்லை. மூச்சு விடுகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், இன்னும் பல வாரம் வைத்திருப்பார்கள். தாய்க்கு நினைவு வந்துவிட்டது. டீச்சர் அப்போதுதான் உட்கார்ந்தாள், நாற்காலியில் இல்லை, தரையில்.

இரண்டு நாள் கழித்துப் பார்க்கப் போனாள். கட்டிட வேலைக்காரப் புருஷன் குழந்தை இருக்கும் அறை வாசலிலேயே பழியாகக் கிடப்பதாகவும், கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து அழுவதாகவும் சமையற்கட்டு அக்கா சொல்லியிருந்தாள். முதல் பெஞ்சின் முக வீக்கம் வற்றி, பழைய முகம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. டீச்சர் கட்டில் ஓரத்தில், எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு வந்திருந்தாள். வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் உள்ளே வந்துவிட்டாள்.

நர்ஸ் கேட்டாள், எப்படி இருக்கிறாய் என்று.

முதல் பெஞ்ச் முந்திக்கொள்ளவில்லை. கேள்வி முழுசாக முடியும்வரை பொறுத்திருந்தாள். பிறகு விரலை மடக்கி மடக்கி, தெரிந்த வார்த்தையும் தெரியாத வார்த்தையுமாக, சைகையுமாகச் சொன்னாள். தையல் போட்ட இடம் எரிகிறது. தலைவலி குறைந்திருக்கிறது, போகவில்லை. பால் வரவில்லை. குழந்தையைத் தொட்டுப் பார்க்க வேண்டும், இன்றைக்கே பார்க்க வேண்டும். நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சாயங்காலம் தானே கீழே அழைத்துப் போவதாகச் சொன்னாள். ஒரு தடவைகூடச் சிரிக்காமல் சொல்லி முடித்த அந்தப் பெண், நர்ஸ் போனதும் டீச்சர் பக்கம் திரும்பினாள். சொல்லிக்கொடுத்த பாடத்தில் மீதியிருந்ததை அவள் மறக்கவில்லை.

"அண்ட் யூ, டீச்சர்?"

டீச்சரின் உதடு பழக்கத்தில் விரிந்தது. சிரிப்பு பாதி வந்து நின்றது. அதற்கு மேல் வரவில்லை.

"பயமா இருக்குடி" என்றாள். "உன்னை நினைச்சு மட்டும் இல்ல. வந்த நாள்ல இருந்தே. கடைக்குப் போக பயம், போன் அடிச்சா பயம், கதவு தட்டினா பயம். யார்கிட்டயும் சொன்னதில்ல. அவர்கிட்டக்கூட."

முதல் பெஞ்ச் தையல் வலிக்க வலிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டிலில் மெல்ல நகர்ந்து இடம் விட்டாள்.

"வெரி குட்" என்றாள். "உக்காருங்க டீச்சர்."

டீச்சர் உட்கார்ந்தாள்.